பயிற்சி காளானில், பயிர் நிலக்கடலையில்

போன வாரம் ஒரு வயலில் நின்று நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தோம். கொத்துக் கொத்தாகக் காய். அந்த வயலில் வெள்ளாமை செய்த பெண் ஒரு காயைக் கட்டை விரலால் அழுத்தினார். ஓடு அப்படியே உள்ளே அமுங்கியது. அடுத்த காயும் அப்படியே. பாதிக்கு மேல் பருப்பில்லாத பொக்கு. கணவர் இறந்த பிறகு தாமே பொறுப்பேற்றுச் செய்த முதல் வெள்ளாமை, ஒன்றேகால் ஏக்கர்.

"காய் திரள ஜிப்சம் உரம் போடவில்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"அது எப்போது போடுவது என்று யாரும் சொல்லவில்லையே, மேடம்."

அவர் பயிற்சிக்குப் போகாதவர் இல்லை. வீட்டுச் சுவரில் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. மூன்று நாள் காளான் வளர்ப்புப் பயிற்சி. அதே நாட்களில், அதே கட்டடத்தின் இன்னொரு அறையில், "விவசாயிகளுக்கு" நிலக்கடலைத் தொழில்நுட்பப் பயிற்சி நடந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். "பெண்களுக்கு இந்தப் பக்கம்" என்று இவரைக் காளானுக்கு அனுப்பிவிட்டார்கள். காளான் நல்ல தொழில்தான். ஆனால் அவரிடம் இருப்பது கடலைக்காடு.

இதைக் கேட்டால் எங்கள் வேளாண் துறையிலேயே ஒரு பதில் வரும்: "பிறந்ததிலிருந்து காட்டில் கிடக்கிற பெண்ணுக்கு விவசாயம் சொல்லித்தர வேண்டுமா?" இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பதினைந்து வருடம் கூலிக்குப் போன பெண் பயிரைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருப்பார். இருபதாம் நாள் களைக்கு வருவார், நாற்பதாம் நாள் மறுகளைக்கு வருவார், பிறகு காய் ஆயத்தான் கூப்பிடுவார்கள். கோரையையும் அருகையும் வேரோடு எடுக்க அவருக்கு நான் சொல்லித்தர முடியாது. அவர்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். ஆனால் விதை வாங்கும்போது அவர் அங்கே இல்லை. உரக்கடையில் இல்லை. களத்துமேட்டில் வியாபாரி விலை பேசும்போதும் இல்லை. இப்போது முதல்முறையாக 105 நாளும் அவர் கையில். அவருக்குத் தெரியாதது வேலை இல்லை; இதுவரை மற்றவர்கள் எடுத்துவந்த முடிவுகள். பயிற்சி அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். களை எடுப்பது எப்படி என்று அவருக்கு ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

நமக்கு இது புதிதும் அல்ல. 1986இல் டென்மார்க் உதவியுடன் தமிழ்நாட்டில் தொடங்கிய 'தான்வா' (தமிழ்நாடு வேளாண்மையில் பெண்கள்) திட்டத்தில், பெண் வேளாண் அலுவலர்கள் கிராமத்துக்கே போய்ச் சிறு, குறு விவசாயப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகும் வயலுக்குப் போய்ப் பார்த்தார்கள். கற்றவர் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதும் ஏற்பாடு. 1989இல் இந்தோனேசியாவில் நெல்லுக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளியும் விதைப்பு முதல் அறுவடை வரை வாரம் ஒருமுறை வயலில் கூடுவதுதான். அப்படி ஒரு பள்ளி அந்த ஊரில் நடந்திருந்தால், 45ஆம் நாளில் ஜிப்சம் பற்றிய பேச்சு தானாக வந்திருக்கும்.

பயிற்சி நடத்துகிறவர்களே, காலை பத்து மணிக்கு மாவட்டத் தலைநகரில் வைக்காதீர்கள். பால் கறந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ் பிடித்து வருகிறவர் மூன்று மணிக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். கைத்தெளிப்பானைக் காட்டினால் போதாது. தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டி நடக்கச் சொல்லுங்கள். 16 லிட்டர் தொட்டி நிரம்பினால் இருபது கிலோவை நெருங்கும், அதைத் தூக்கிப் பார்த்துத்தான் அவர் முடிவெடுக்க முடியும். மோட்டார் ஸ்டார்ட்டரைப் போடப் பழக்குங்கள். இரவு மின்சாரம் வரும்போதெல்லாம் கொழுந்தனாரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியுமா? வரவு செலவு எழுதவும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டையைக் கொண்டுபோகவும் ஒருமுறை கூடவே போங்கள்.

முதல்முறை வெள்ளாமை செய்யும் சகோதரிகளே, உங்களிடம் ஒரு கெஞ்சல். பயிற்சிக்குக் கூப்பிட்டால் "என் பயிர் இது, இதற்கு என்ன சொல்லித்தருவீர்கள்?" என்று கேளுங்கள். கணவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றும் பட்டா பெயர் மாற்றமும் தள்ளிப்போடாதீர்கள். மனைவி, பிள்ளைகள், மாமியார் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு, பேசி முடியுங்கள். பெயர் மாறாமல் பயிர்க் காப்பீட்டுக்கும் கடனுக்கும் அலைய நேரும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டமும் நில உரிமையைத்தான் கேட்கும். விதைத்தவுடன், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் பதிவேட்டில் உங்கள் பயிர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள்.

கடலை போடுகிறவர்களுக்கு: நீர் பாய்ச்சும் இறவைப் பயிரில் 40 முதல் 45ஆம் நாளுக்குள், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம், செடியோரம் இட்டு மண் அணையுங்கள். அதன் பிறகு மண்ணைக் கிளறாதீர்கள், பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் விழுது அறுந்துவிடும்.

அந்தப் பெண் மார்கழிப் பட்டத்துக்கு மறுபடி விதைக்கிறார். 45ஆம் நாள் காலையில் நான் அந்த வயலில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.