பதினொன்றில் ஒன்று என்று எழுதாதீர்கள்

இரண்டு பகடைகள் ஒரே நேரத்தில் உருட்டப்படுகின்றன. கூடுதல் 7 கிடைக்க நிகழ்தகவு என்ன? பத்தாம் வகுப்பில் இதைவிடப் பழகிய நிகழ்தகவுக் கணக்கு கிடையாது. ஆனாலும் அரையாண்டு விடைத்தாள் கட்டைப் பிரித்தால் அதே பதில்தான்: "கூடுதல் 2 முதல் 12 வரை வரும், மொத்தம் 11. அதில் 7 என்பது ஒன்று. விடை 1/11." அடுத்த தாளிலும் 1/11. அதற்கடுத்ததில் 1/12, ஏனென்றால் அந்தப் பிள்ளை 1-ஐயும் சேர்த்துக்கொண்டது. இரண்டு பகடை உருட்டி 1 எப்படியம்மா வரும்?

பிழை கூட்டல், வகுத்தலில் இல்லை. சாதகமான விளைவுகளை மொத்த விளைவுகளால் வகுக்க வேண்டும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எல்லாருக்கும் வரும். அந்தச் சூத்திரத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைத்தான் யாரும் படிப்பதில்லை. மொத்தத்தில் நீங்கள் எண்ணும் ஒவ்வொரு விளைவுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வகுத்தலுக்கு அர்த்தமே இல்லை.

கூடுதல் 2 வர ஒரே வழி: இரண்டிலும் 1 விழ வேண்டும். கூடுதல் 7 வர ஆறு வழிகள்: (1,6), (2,5), (3,4), (4,3), (5,2), (6,1). இரண்டையும் ஒரே எடையில் வைத்து எண்ணினால் எப்படிச் சரியாகும்? எண்ண வேண்டியது கூடுதலை அல்ல, சோடிகளை. அவை 36. விடை 6/36, அதாவது 1/6. (நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதையிலும் 36 கொண்டை ஊசி வளைவுகள்தான். மசினகுடிக்கு இறங்கும் வண்டி ஒன்று பிரேக் சூடாகி ஏதோ ஒரு வளைவில் நின்றால், அது முதல் வளைவாக இருக்க நிகழ்தகவு 1/36-ஆ? இறங்க இறங்கத்தான் பிரேக் சூடேறும். 36 இருக்கிறது என்பதாலேயே 1/36 ஆகிவிடாது.)

"சார், ரெண்டு பகடையும் ஒரே மாதிரி இருக்குதே, (3,4)-ம் (4,3)-ம் ஒண்ணுதானே?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நல்ல கேள்விதான். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் பூசுங்கள். இப்போது அவை வெவ்வேறு என்று கண்ணுக்கே தெரியும். பெயின்ட் அடித்ததால் பகடை உருளும் விதம் மாறிவிடுமா? மாறாது. அப்படியானால் பெயின்ட் இல்லாதபோதும் (3,4)-ம் (4,3)-ம் இரண்டு விளைவுகள்தான். (3,3) மட்டும் ஒன்று. நமக்கு அடையாளம் தெரியவில்லை என்பதற்காகப் பகடை தன் கணக்கை மாற்றிக்கொள்ளாது.

நாணயத்திலும் இதே கோளாறுதான். இரண்டு நாணயம் சுண்டினால் "இரண்டும் தலை, இரண்டும் பூ, கலந்து ஒன்று" என மூன்று, ஆகவே தலா 1/3 என்று எழுதுகிறார்கள். ஒன்றை ஒரு ரூபாயாகவும் மற்றதை ஐந்து ரூபாயாகவும் எடுத்துச் சுண்டுங்கள். ஒரு ரூபாய் தலை, ஐந்து ரூபாய் பூ என்பது ஒரு விளைவு. ஒரு ரூபாய் பூ, ஐந்து ரூபாய் தலை என்பது வேறு விளைவு. மொத்தம் நான்கு. கலந்து விழ 2/4.

இதில் தடுக்கி விழுந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் மட்டுமல்ல. 1754-ல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கணிதவியலாளர் டாலம்பேர், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ 2/3 என்று வாதாடினார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எனவே தலை, பூ-தலை, பூ-பூ என மூன்றே விளைவுகள் என்பது அவர் வாதம். முதலில் வரும் அந்த ஒற்றைத் 'தலை' மட்டுமே பாதி வாய்ப்பை எடுத்துக்கொள்கிறது. மற்ற இரண்டுக்கும் தலா கால்தான். சரியான விடை 3/4. இதற்கு நூறாண்டுக்கு முன்பே கலிலியோவிடம் இதே வகைக் கேள்வி வந்திருந்தது: மூன்று பகடையில் 9 வரவும் ஆறு சேர்க்கைகள், 10 வரவும் ஆறு சேர்க்கைகள், பிறகு ஏன் 10 கொஞ்சம் அடிக்கடி விழுகிறது? வரிசையோடு எண்ணினால் 216-ல் 9-க்கு 25, 10-க்கு 27. (3,3,3) ஒரே வழியில்தான் வரும் என்பதே வித்தியாசம்.

இவ்வளவு சொல்லியும் நம்பாதவர்கள் கையால் செய்து பாருங்கள். மழைக்கு லீவு விட்ட நாளில் இதற்கு நேரம் இருக்கும். இரண்டு நாணயங்களை 200 முறை சுண்டி நேர்க்கோட்டுக் குறியிட்டு எண்ணுங்கள். கலந்து விழுந்தது 100-ஐ ஒட்டி வரும். 1/3 உண்மையாக இருந்தால் 67-ஐ ஒட்டி வர வேண்டும். பகடையென்றால் 180 முறை உருட்டுங்கள். 7 சுமார் 30 முறை வரும். 2 சுமார் 5 முறைதான் வரும். 1/11 கட்சிக்காரர்கள் கணக்குப்படி இரண்டுமே 16-ஐ ஒட்டி வர வேண்டும். மூலை தேய்ந்த மலிவு பிளாஸ்டிக் பகடை வேண்டாம், அதன் முகங்களே சமவாய்ப்பாக இருக்காது.

பாட்டி வீட்டில் தாயக்கட்டை இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள்: வெறுமை, 1, 2, 3. விழக்கூடியவை தாயம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என ஏழு. அதனால் தாயம் விழ 1/7 என்று எழுதினால் பாட்டியே சிரிப்பார். தாயத்துக்காகக் காத்துக் கிடந்தவர் அவர். சோடிகள் 16. வெறுமையும் 1-ம் இரண்டு வழியில் சேரும், ஆக தாயத்துக்கு 2/16. இரண்டும் வெறுமையாக விழுந்தால்தான் பன்னிரண்டு; அதற்கும் ஆறுக்கும் தலா 1/16. மூன்றுக்குத்தான் அதிகம், 4/16. இரண்டுக்கும் நான்குக்கும் தலா 3/16, ஐந்துக்கு 2/16. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், 16/16 வரும். நிகழ்தகவுகளைக் கூட்டி 1 வருகிறதா என்று பார்ப்பதை எந்தக் கணக்கிலும் விடாதீர்கள்.

இதே நோயின் இன்னொரு முகம் "பெய்யும் இல்லேன்னா பெய்யாது, ரெண்டுல ஒண்ணு, அதனால 1/2". ஜூலையில் நீலகிரி மாவட்டத்துத் தேவாலாவில் நின்றுகொண்டு இதைச் சொல்ல முடியுமா? அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மழையில்லாத நாளைத் தேட வேண்டியிருக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுக்கும். மாவட்டம் ஒன்று, மாதம் ஒன்று, நிகழ்தகவு வேறு. இங்கே சமவாய்ப்பு இல்லை. பழைய பதிவைப் பார்த்து எண்ண வேண்டும். 31 நாளில் 27 நாள் பெய்திருந்தால் 27/31. ஒன்பதாம் வகுப்பில் படித்த பட்டறி நிகழ்தகவு இதுதான். பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரி தடைசெய்யப்பட்டது. ஆனால் எல்லையிலுள்ள நாடுகாணி தாண்டிக் கேரளத்து வழிக்கடவுக்கு இறங்கினால் கேரள லாட்டரிக் கடை. "விழுந்தா விழும், இல்லேன்னா இல்ல, பாதிக்குப் பாதி" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். லட்சக்கணக்கான சீட்டுகளில் முதல் பரிசு ஒன்றுக்குத்தான். வகுப்பில் நாற்பது நிமிடம் பாடுபட்டுச் சொன்னதை வீட்டில் ஒரு வாக்கியம் அழித்துவிடுகிறது.

சரி, பயிற்சி எப்படி? கைடில் உள்ள ஐம்பது கணக்கையும் பார்த்து எழுதாதீர்கள். பத்துப் பன்னிரண்டு போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் கூறுவெளியை, அதாவது நடக்கக்கூடிய எல்லா விளைவுகளையும், முழுதாக எழுத வேண்டும். இரண்டு பகடைக்கு ஆறுக்கு ஆறு கட்டம் போடுங்கள், இரண்டு நிமிட வேலை. ஒரே கூடுதல் உள்ளவை சரிவாக ஒரே கோட்டில் விழும். 7-இன் கோடுதான் நீளமானது. நிகழ்ச்சிக்குள் வரும் கட்டங்களைச் சுழித்து எண்ணுங்கள். மூன்று நாணயத்துக்கு மர வரைபடம், எட்டுக் கிளை நுனிகள்.

பிறகு ஒரே கணக்கை ஒரு சொல் மாற்றி மாற்றிப் போடுங்கள். மூன்று நாணயங்கள்: சரியாக இரண்டு தலை 3/8. குறைந்தது இரண்டு தலை 4/8. அதிகபட்சம் இரண்டு தலை 7/8. குறைந்தது ஒரு தலை 7/8. மதிப்பெண் போவது பெரும்பாலும் 'குறைந்தது', 'அதிகபட்சம்' என்ற இரண்டு சொற்களில்தான். 'குறைந்தது ஒன்று' என்று கண்டதும் நிரப்பு நிகழ்ச்சியைப் பிடியுங்கள்: ஒன்றுகூட இல்லாமல் போக 1/8, 1-லிருந்து கழித்தால் முடிந்தது.

'இது அல்லது அது' என்று கேட்டால் போடும் கூட்டல் தேற்றத்தில் வெட்டு என்றொரு உறுப்பு இருக்கிறது; இரண்டு நிகழ்ச்சிக்கும் பொதுவான விளைவுகள்தான் அது. அதைக் கழிக்க மறப்பவர்கள் பாதிப் பேர், கழிக்க எதுவும் இல்லாத இடத்தில் கழிப்பவர்கள் மீதி. இரண்டு பகடையில் கூடுதல் 8 அல்லது இரண்டிலும் ஒரே எண்: முதலாவதற்கு 5 சோடி, அடுத்ததற்கு 6 சோடி என்று எண்ணி, இரண்டு பட்டியலிலும் உள்ள (4,4)-ஐ ஒருமுறை கழித்தால் 10/36. கூடுதல் 7 அல்லது இரண்டிலும் ஒரே எண் என்றால் கழிக்க ஒன்றும் இல்லை, ஏனென்றால் ஒரே எண்ணை இருமுறை கூட்டி ஒற்றைப்படை வராது. 12/36. கட்டம் போட்டிருந்தால் இது கண்ணிலேயே தெரியும்.

சீட்டுக்கட்டைத் தொட்டே பார்த்திராத பிள்ளைகள் நிறைய, அதில் தப்பில்லை. பழைய காலண்டர் அட்டையை 52 துண்டாக வெட்டி எழுதிக்கொள்ளுங்கள். நான்கு வகை, வகைக்கு 13. ஸ்பேடும் கிளாவரும் கறுப்பு, ஹார்ட்டும் டயமண்டும் சிவப்பு. ராஜா, ராணி, ஜாக்கி மட்டுமே முக அட்டைகள், மொத்தம் 12. ஏஸ் முக அட்டை அல்ல. ராஜா அல்லது ஹார்ட் கிடைக்க 4, 13, கழிக்க 1: 16/52, சுருக்கினால் 4/13.

நெட்டாண்டில் (366 நாள் உள்ள ஆண்டு) 53 ஞாயிறு வர நிகழ்தகவு: 53/366 என்று எழுதுவதை நிறுத்துங்கள். 52 வாரம் போக மீதி இரண்டு நாள். அடுத்தடுத்த அந்தச் சோடி ஏழு வகை, ஞாயிறு உள்ளவை இரண்டு, விடை 2/7. 53 சனி அல்லது 53 ஞாயிறு என்றால் 4/7 அல்ல, 3/7; சனி-ஞாயிறு சோடி இரண்டிலும் இருக்கிறது. (நுணுக்கமாகப் பார்த்தால் 2/7-ம் தோராயம்தான். நம் காலண்டர் 400 ஆண்டுக்கொருமுறை அச்சாகத் திரும்பும். அதில் நெட்டாண்டுகள் 97. 97-ஐ 7 வகுக்காது. தேர்வில் இதை எழுத வேண்டாம்.)

பைக்குள் பந்து எடுக்கும் கணக்கில், எடுத்ததைத் திரும்ப வைத்தார்களா என்று முதலில் பாருங்கள். 5 சிவப்பு, 3 பச்சை உள்ள பையில் அடுத்தடுத்து இரண்டு சிவப்பு: திரும்ப வைத்தால் 25/64, வைக்காவிட்டால் 5/8-ஐயும் 4/7-ஐயும் பெருக்கி 5/14. பந்துக்குப் பதில் பிளம்ஸ் பழம் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். பழுத்ததைக் கை தொட்டவுடன் கண்டுபிடித்துவிடும், அங்கே சமவாய்ப்பு போயிற்று. 'ஒரே மாதிரியான பந்துகள்' என்று வினாவில் அச்சடித்திருப்பது இடத்தை நிரப்ப அல்ல.

சில்லறைத் தப்புகள்: 1 பகா எண் அல்ல, 2 பகா எண், 1 முதல் 30 வரை பகா எண்கள் 10. விடை 1-ஐத் தாண்டினால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள். தொடர்ந்து ஐந்து தலை விழுந்துவிட்டது என்பதால் ஆறாவது பூ விழும் வாய்ப்பு கூடிவிடாது, அப்போதும் 1/2தான்.

இன்று இரவே போட்டுப் பார்க்க இரண்டு கணக்குகள். இரண்டு பகடைகளில் விழும் எண்களின் பெருக்கற்பலன் 12 கிடைக்க நிகழ்தகவு என்ன? இரண்டு தாயக்கட்டைகளில் குறைந்தது ஒன்றாவது வெறுமையாக விழ? முதலாவதற்கு 4/36, அதாவது 1/9 வர வேண்டும். இரண்டாவதற்கு 7/16. 8/16 வந்தால், இரண்டும் வெறுமையாக விழுந்ததை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள்.