மருத்துவமனை திருத்திவிட்டது, காப்புறுதி திருத்தவில்லை: யார் பொறுப்பு?

கோலாலம்பூர் செந்தூல்காரர் ஒருவர் நான்கு கடிதங்களோடு என்னிடம் வந்தார். தனியார் மருத்துவமனை ஒன்று அவருடைய அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாகப் பதிந்திருந்தது. யாருடைய நீரிழிவோ இவர் கணக்கில் ஏறிவிட்டது. காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுத்தது. மருத்துவமனையைக் கேட்டால், 'நாங்கள் திருத்திவிட்டோமே' என்றார்கள். காப்புறுதியைக் கேட்டால், 'எங்களிடம் பழைய விவரம்தான் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.' ஐந்து மாதம் இப்படியே போயிற்று.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 709) இதற்கு வழி சொல்கிறது. 35ஆம் பிரிவைப் பாருங்கள். திருத்திய நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குள் அந்த விவரத்தை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தால், திருத்திய படியை அங்கே சேர்க்க இயன்றதையெல்லாம் செய்ய வேண்டியவர் கொடுத்தவரே. அதைச் சுமந்துகொண்டு அலைவது நோயாளியின் வேலை அல்ல. முகப்பில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர் மாடியில் இருப்பார்.

கண்ணி அந்த 12 மாதத்தில்தான் இருக்கிறது. 'அடுத்த வாரம் வாருங்கள்' என்பதை நம்பி ஆண்டைக் கடத்திவிட்டால் இந்தப் பிடி நழுவிவிடும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது, திருத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 21 நாளில் அவர்கள் திருத்தியாக வேண்டும். காரணத்தை எழுத்தில் சொன்னால் இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று நகல் கேட்டால் 10 ரிங்கிட், உடல்நலம் போன்ற உணர்திறன்மிக்க விவரமென்றால் 30 ரிங்கிட், அதுதான் உச்சவரம்பு. அதற்கு மேல் கேட்டால், எந்த விதியின்படி என்று திருப்பிக் கேளுங்கள்.

2025 ஜூன் 1 முதல், ஏராளமானோரின் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமித்தாக வேண்டும். கடிதத்தை அவர் பெயருக்கே அனுப்புங்கள். தொடர்பு விவரம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருக்க வேண்டும். அதே நாளில், உங்கள் விவரங்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றச் சொல்லும் உரிமையும் வந்தது. ஆனால் 'தொழில்நுட்ப ரீதியில் இயலுமானால்' என்றொரு சொற்றொடர் கூடவே வந்திருக்கிறது. அதன் பின்னால் எத்தனை பேர் ஒளிந்துகொள்ளப் போகிறார்களோ!

அரசாங்க மருத்துவமனையில் சட்டம் 709ஐ நீட்டாதீர்கள், கூட்டரசு, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. 2025 ஏப்ரல் 28இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டத்தைக் காட்டியும் பயனில்லை. கூட்டரசு அமைப்புகள் தங்களுக்குள் விவரம் பரிமாறிக்கொள்ள அது வழி செய்கிறது, உங்கள் கையில் எதுவும் தருவதில்லை. அங்கே தவறு எந்த அலுவலகத்தில் பிறந்ததோ அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

கடிதம் இரண்டு படிகளாக இருக்கட்டும். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள். 'இங்கே அந்த வழக்கம் இல்லை' என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.