அர்னிஸ்: ‘குச்சிச் சண்டை’ என்றால் போதுமா?

பிலிப்பைன்ஸ் நாட்டுப் போர்க்கலையைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘குச்சிச் சண்டை’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கையில் இருப்பது குச்சிதானே என்று கேட்கலாம். சரி, குச்சிதான். ஆனால் அந்த மக்கள் தங்கள் கலைக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பிரித்துப் பார்த்தால், முக்கியமான பெயர்கள் எதிலும் குச்சி இல்லை. சொல்லை விளக்க வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் பெயர் அர்னிஸ். ‘அர்னெஸ்’ என்ற ஸ்பானியச் சொல்லின் உள்ளூர் வடிவம் இது. கவசம், குதிரைச் சேணம் இரண்டுக்கும் அந்தச் சொல் வழங்கும். ஆங்கில ‘ஹார்னெஸ்’ அதே வேரிலிருந்து வந்தது. ‘அர்னெஸ் தே மானோ’ என்றால் கைக்கவசம். ஸ்பானியர் ஆண்ட காலத்தில் ஊர்த் திருவிழாக்களில் ‘மோரோ மோரோ’ என்றொரு கூத்து நடக்கும். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மோதும் போரை மேடையில் நடித்துக் காட்டுவார்கள். அந்த நடிகர்கள் பூண்ட போர்க்கோலத்தின் பெயரே நாளடைவில் அவர்களுடைய வாள்வீச்சுக்கும் ஒட்டிக்கொண்டது என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள்.

இரண்டாவது பெயர் எஸ்கிரிமா. செபு, நெக்ரோஸ் முதலான விசயத் தீவுகளில் இதுதான் அதிகம் புழங்குகிறது. ஸ்பானிய மொழியில் வாட்போருக்கு உள்ள சொல்தான் இது. நடுவில் வரும் ககரத்தை மென்மையாக ஒலித்தால் ஸ்பானியம், அழுத்தி ஒலித்தால் செபு மக்களின் மொழியான செபுவானோ. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஸ்பானியத்துக்கு இது பழைய ஜெர்மானிய வினைச்சொல் ஒன்றிலிருந்து வந்தது. ‘காத்தல், மறைத்தல்’ என்பது அதன் பொருள். இன்றைய ஜெர்மன் மொழியில் குடையைக் குறிக்கும் ‘ஷிர்ம்’ அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

ஆக, ஒரு பெயர் கவசம், இன்னொன்றின் வேர் காத்தல். எனக்கு இந்த ஒற்றுமை மிகவும் பிடித்திருக்கிறது. அடிப்பதைப் பற்றியே பேசாத இரண்டு பெயர்களை நாம் ‘சண்டை’ என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது பெயர் தமிழில் எழுதவே சங்கடமானது. ‘காலி’ என்றால் நமக்கு வெறுமை. ‘காளி’ என்றால் அம்மன். இரண்டுக்கும் இந்தக் கலையோடு தொடர்பில்லை. இந்தியக் காளியிடமிருந்து வந்த பெயர் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நம் பெருமைக்காக அதைப் பரப்ப வேண்டியதும் இல்லை. வாளைக் குறிக்கும் ‘காலிஸ்’ என்ற சொல்லின் சுருக்கம் என்பது ஒரு விளக்கம். செபுவானோவில் கையைக் குறிக்கும் ‘காமொட்’, அசைவைக் குறிக்கும் ‘லிஹொக்’ ஆகியவற்றின் முதலெழுத்துகள் சேர்ந்தது என்பது இன்னொன்று. பிந்தையது பெயர் பரவிய பிறகு பொருத்திய விளக்கமாகத்தான் எனக்குப் படுகிறது. அமெரிக்காவில் குடியேறிய ஆசான்கள் வழியாகவே இந்தப் பெயர் உலகமெங்கும் போனது.

பிலிப்பைன்ஸின் இன்னொரு மொழியான தகாலோகில் ‘பனனந்தாத்தா’ என்றும் ஒரு பெயர் உண்டு. ஆயுதம் என்று பொருள்படும் ‘சந்தாத்தா’விலிருந்து பிறந்தது. தடியைப் பெயரிலேயே வைத்திருப்பது ‘கரோட்டே’ என்ற வழக்கு. நாம் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது போல ஆகிவிட்டது.

அப்படியானால் அந்தக் குச்சி என்னதான் செய்கிறது? வாளுக்குப் பதிலாக நிற்கிறது. சுமார் 28 அங்குலம், நம் கணக்கில் மூன்று சாண். பெரும்பாலும் பிரம்பு. மூங்கிலைப் போல உள்ளே கூடாக இல்லாமல் நார் நிறைந்திருப்பதால், பிரம்பு எத்தனை அடி வாங்கினாலும் நார் நாராகப் பிரியுமே தவிர, கூர்மையாகப் பிளந்து கண்ணில் குத்தாது. வயல்வெளியில் அன்றாடம் புழங்கும் போலோ என்ற வெட்டரிவாளையோ வாளையோ வைத்து இருவர் தினமும் பயிற்சி செய்ய முடியாது. பிரம்பை வைத்துச் செய்யலாம். அதனால்தான் கற்றவர் குச்சியை வீசும்போது அதற்கு வாளைப் போல ஒரு கூர்விளிம்பு இருப்பதாகவே பாவித்து வீசுவார்.

இந்தக் கலையின் நுட்பம் கோணத்தில் இருக்கிறது. எதிரி எந்த ஆயுதத்தோடு வருகிறான் என்பது இரண்டாவது கேள்வி; அடி எந்தக் கோணத்திலிருந்து வருகிறது என்பதே முதல் கேள்வி. இடது நெற்றிப்பொட்டுக்கு ஒரு எண், வலதுக்கு ஒரு எண், தோள், விலா, முழங்கால், குத்து என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பல பள்ளிகளில் 12 எண்கள். ஐந்தே கோணத்தில் முடித்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. அந்த எண் பிரம்புக்கும் அதே, போலோவுக்கும் அதே, கத்திக்கும் வெறுங்கைக்கும் அதே. கராத்தேயில் வெறுங்கையில் தொடங்கி ஆயுதத்துக்குப் போவார்கள். இங்கே முதல் நாளே கையில் ஆயுதம். வெறுங்கை அப்புறம் வருகிறது. ஆயுதம் நழுவினாலும் உடம்பு கற்ற கோணம் நழுவாது.

குச்சி இல்லாத இன்னொரு கையும் சும்மா இருப்பதில்லை. எதிரியின் மணிக்கட்டைத் தட்டும், பிடிக்கும், திசை திருப்பும். அதை ‘உயிருள்ள கை’ என்கிறார்கள். வெனான்சியோ பேக்கன் 1952இல் செபுவில் தொடங்கிய பாலின்தவாக் முறை ஒற்றைக்கோலையும் இந்தக் கையையும் நம்பியே வளர்ந்தது. அது தொடங்கிய தெருவின் பெயரே முறைக்கும் பெயரானது.

பார்ப்பவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது, குச்சியோடு குச்சி மோதும் அந்தச் சத்தத்தைத்தான். இருவர் எதிரெதிரே நின்று இரண்டு கைகளிலும் கோல் ஏந்தித் தாளம் தப்பாமல் தட்டுவதைக் கண்டால் நமக்குக் கோலாட்டம் நினைவுக்கு வரும். ‘அழகாக இருக்கிறது, ஆனால் சண்டைக்கு ஆகுமா?’ என்று கேட்டுவிடுவோம். உண்மையில் பழைய ஆசான்களின் குறி எதிரியின் குச்சி அல்ல, குச்சியைப் பிடித்த கை. பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்று அதைச் சொல்வார்கள். ‘பல்லுப் பிடுங்கின பாம்பு’ என்று நாம் சொல்வதும் இதேதான். கை அடிபட்டால் ஆயுதம் விழும், சண்டை அங்கேயே முடியும். ஆனால் பயிற்சியிலும் கையையே அடித்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். நெக்ரோஸ் தீவின் ஹினிகரானில் 1936இல் பிறந்த ரெமி பிரெசாஸ் ‘மாடர்ன் அர்னிஸ்’ முறையை வகுத்தபோது, கற்பவருக்குக் காயம் படாமலிருக்கக் கோலோடு கோல் மோதும் பயிற்சியை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஆக, நாம் கேட்கும் அந்தச் சத்தம் கற்பவர் மீது காட்டப்படும் கருணை. அதைக் கலையின் எல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

ஸ்பெயினின் கப்பல்களோடு வந்த கடலோடி மெகல்லனைக் குச்சியால் அடித்துக் கொன்றார்கள் என்ற கதையும் இதோடு ஒட்டிவருகிறது. 1521 ஏப்ரல் 27 அன்று செபுவை அடுத்த மக்தான் தீவின் கரையில் நடந்ததை உடனிருந்த பிகஃபெட்டா எழுதிவைத்திருக்கிறார். அம்பு, மூங்கில் ஈட்டி, தீயில் வாட்டிக் கூராக்கிய கழி, கல், மெகல்லனின் காலில் விழுந்த பெரிய வளைவாள் ஆகியவைதான் அதில் வருகின்றன. அவரை எதிர்த்து நின்ற மக்தான் தலைவன் லாபுலாபுவின் வீரத்துக்கு அதுவே போதும்.

சொந்த நாட்டில் இந்தக் கலை நெடுங்காலம் கொல்லைப்புறத்திலேயே கிடந்தது. இளைஞர்கள் கராத்தே, டேக்வாண்டோ என்று போனார்கள். கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் தோட்டக் கூலிகளாக உழைத்த பிலிப்பினோ பெரியவர்களை, அண்ணன் என்ற பொருளில் ‘மனோங்’ என்று அழைப்பார்கள். அவர்களில் சிலர் கலையைத் தங்களுக்குள்ளேயே பொத்திவைத்திருந்தார்கள். அந்த ஊரில் ஆஞ்சல் கபாலெஸ் என்ற ஆசான் 1966இல் பொதுப்பள்ளி திறந்த பிறகுதான் வெளியாரும் கற்க வழி பிறந்தது. செபுவில் தோசே பாரேஸ் என்ற எஸ்கிரிமா சங்கம் 1932 முதலே இயங்கிவந்தாலும், நாடு முழுமைக்குமான மதிப்பு வரத் தாமதமானது. 2009 டிசம்பரில் குடியரசுச் சட்டம் 9850 அர்னிஸைத் தேசியப் போர்க்கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. பள்ளி உடற்கல்வியிலும் சேர்க்கச் சொன்னது. 2005, 2019 ஆண்டுகளில் பிலிப்பைன்ஸ் நடத்திய தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பதக்கப் போட்டியாகவும் இடம்பெற்றது.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘பிலிப்பைன்ஸ் சிலம்பம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆசையோடுதான் எழுதுகிறார்கள், ஆனால் பொருந்தாது. சிலம்பக் கம்பு நெற்றி உயரம். அதன் வீச்சும் அடவும் காலடியும் வேறு. நீளத்தில் நெருங்கி வருவது களரிப்பயிற்றின் மூன்று சாண் குறுவடி. அதற்கும் தனி மரபு உண்டு. யாருடைய பெயரையும் இன்னொருவருக்கு மாட்டுவது இரண்டு கலைக்கும் நியாயமில்லை.

அர்னிஸ், எஸ்கிரிமா என்ற பெயர்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கராத்தேயை நாம் பெயர்க்கவில்லையே. விளக்கச் சொல் தேவைப்படும் இடத்தில் ‘கோற்போர்’ என்பதை முன்வைக்கிறேன். ‘குச்சி’ என்றால் பல் குத்துவதும் அடுப்பு மூட்டுவதும் நினைவுக்கு வருகின்றன. ‘கோல்’ அப்படியல்ல, அளவுகோல், எழுதுகோல், செங்கோல் என்று கணக்கையும் கையின் தேர்ச்சியையும் சேர்த்தே சொல்லும் சொல் அது. வாளும் வெறுங்கையும் இதில் அடங்கவில்லை என்ற குறை உண்டு. ஆகவே ‘பிலிப்பைன்ஸ் கோற்போர்க் கலையான அர்னிஸ்’ என்று பெயரோடு சேர்த்து எழுதுவதே சரி.

உட்பிரிவுகளுக்குத் தமிழ் தாராளமாக இடம் தருகிறது. ‘சோலோ பாஸ்தோன்’ ஒற்றைக்கோல். ‘எஸ்பாதா இ தாகா’ வாளும் குறுவாளும். கையை விசிறி போல் மணிக்கட்டில் திருப்பி அடிக்கும் ‘அபானிகோ’ விசிறிவீச்சு. ஸ்பானியத்திலும் விசிறி என்றுதான் பொருள். ‘லார்கோ, மேதியோ, கோர்தோ’ என்ற மூன்று தொலைவுகளுக்கு எட்ட, நடு, கிட்ட என்று நம் ஆசான்கள் வாய்வழக்கிலேயே சொல்லிவிடலாம்.

கோலாட்டம் போலத் தோன்றுகிறது என்று சொன்னேனே, அந்த இரட்டைக்கோல் பயிற்சியின் பெயர் ‘சினவாலி’. வீட்டுச் சுவருக்காக மூங்கில் பட்டைகளை மேலும் கீழுமாக மாற்றிக் கோத்துச் செய்யும் தட்டிக்கு அங்கே ‘சவாலி’ என்று பெயர்; அதிலிருந்து பிறந்தது இது. ஒரு கோல் மேலே போகும்போது மற்றது அக்குளுக்குக் கீழே காத்திருக்கும், பிறகு இடம் மாறும். ‘பின்னல்’ என்று பெயர்க்கலாம். ஆனால் கீற்றுக்கும் பாய்க்கும் நாம் சொல்வது ‘முடைதல்’. எனவே சினவாலி, முடைவீச்சு.