உப்பு ஜாடியும் சுருட்டுப் பெட்டியும்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய ஐயா (தாத்தா) ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். கையோடு வந்த சாமான்களில் ஒரு சின்னத் தேக்குப் பெட்டியும் உண்டு. மூடியைத் திறந்தால் இன்னும் லேசாகப் புகையிலை மணக்கிறதாம். “இதில் நல்ல சுருட்டாக நாலைந்து வாங்கி ஹியூமிடார் போல வைத்துக்கொள்ள ஆசை. செலவு ஐயாயிரத்தைத் தாண்டக் கூடாது. எந்தச் சுருட்டிலிருந்து தொடங்கலாம்?” என்பது அவர் கேள்வி. ஹியூமிடார் என்பது சுருட்டைக் காயவிடாமல் ஒரே ஈரப்பதத்தில் வைத்திருக்கும் பெட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டு வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோயைக் கொண்டுவரும். பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம்.

சரி, சுருட்டுக்கு அப்புறம் வரலாம். முதலில் அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். இப்போது ஐப்பசி. நாலு நாளாக அடைமழை. பங்குனியில் பொலபொலவென்று கொட்டிய உப்பு இப்போது கசிந்து, கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். என் அப்பத்தா மங்கு ஜாடிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “உப்பு தண்ணி விட்டிருச்சு, வத்தலை உள்ளே எடுங்க” என்பார். பெரும்பாலும் அவர் கணிப்பு பலித்தது. அதற்குக் காரணமும், ஹியூமிடார் வேலை செய்வதற்குக் காரணமும் ஒன்றுதான்.

புகையிலை காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கும் பொருள். காற்று காய்ந்திருந்தால் இலை நொறுங்கும், மணம் தரும் எண்ணெய்கள் போய்விடும், பற்றவைத்தால் சூடாகக் கடகடவென்று எரியும். ஈரம் மிஞ்சினால் எரியாது, பூஞ்சணம் பிடிக்கும். சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்கு) 65 முதல் 70 சதவீதத்துக்குள் நின்றால் இலை பதமாக இருக்கும். செட்டிநாட்டுக் காற்றோ சித்திரையில் ஒரு மாதிரி, ஐப்பசியில் வேறு மாதிரி. ஒரு டப்பாவுக்குள் மட்டும் அதை ஒரே எண்ணில் எப்படி நிறுத்துவது?

மூடிய டப்பாவில் வெறும் தண்ணீரை வைத்தால் உள்ளே ஈரப்பதம் 100 சதவீதம்வரை ஏறிவிடும். தண்ணீரிலிருந்து மூலக்கூறுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும், காற்றிலிருந்து திரும்பி விழுந்துகொண்டும் இருக்கும். பேரேட்டில் பற்றும் வரவும் நேராவது போல இரண்டும் ஒரு கட்டத்தில் சமமாகும். இப்போது அந்தத் தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் தண்ணீர் மூலக்கூறுகளைத் தம் பக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளம்புகிறவை குறையும், காற்றின் ஈரமும் குறைந்த இடத்திலேயே சமநிலைக்கு வரும். 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். அதற்கு மேலும் போட்டு, கொஞ்சம் உப்பு அடியில் கரையாமல் தங்கும்படி விட்டால் டப்பாவின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு வந்து அங்கேயே நிற்கும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஏன் நிற்கிறது? வெளிக்காற்று வறண்டு கரைசலிலிருந்து தண்ணீர் போகிறது என்று வையுங்கள். கரைசல் அடர்த்தியாக வேண்டும். ஆனால் இதற்கு மேல் உப்பைக் கரைத்து வைத்திருக்க அதனால் முடியாது, அதிகப்படி உப்பு படிகமாகப் பிரிந்து அடியில் விழும். அடர்த்தி பழையபடியே. காற்றில் ஈரம் கூடிக் கரைசலுக்குள் தண்ணீர் வந்தால் அது நீர்த்துப்போக வேண்டும். ஆனால் அடியில் காத்திருக்கும் உப்பு கரைந்து அதை ஈடுகட்டிவிடும். அப்போதும் அடர்த்தி பழையபடியே. அடர்த்தி மாறாததால் 75-உம் மாறுவதில்லை. மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம், அடியில் கிடக்கும் ஒரு பிடி உப்பு போதும். வெப்பம் மாறினால்கூட அது பெரிதாக அசைவதில்லை. 0 டிகிரியில் 75.5, 25 டிகிரியில் 75.3, 50 டிகிரியில் 74.4. உப்பின் கரைதிறன் சூட்டுக்கு அதிகம் மாறாததால் வந்த வசதி இது. முதன்முறை இந்த எண்களை வரிசையாகப் பார்த்த அன்று அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

காற்றின் ஈரம் 75-ஐத் தாண்டினால் காய்ந்த உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஜாடி கசிவது அதனால்தான். கல் உப்பு இன்னும் முன்னாலேயே பிசுபிசுக்கும். அதில் கடல்நீரிலிருந்து ஒட்டிவந்த மக்னீசியம் குளோரைடு கொஞ்சம் இருக்கும். அது 33 சதவீத ஈரத்திலேயே தண்ணீர் இழுக்கும்.

இப்போது பல வீடுகளில் கண்ணாடிக் கிண்ணத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றி மூலையில் வைக்கிறார்கள். சில நாளில் விளிம்பு தாண்டி வெளிப்பக்கமும் வெள்ளையாகப் பூத்துவிடும். கெட்ட சக்தியை இழுத்துவிட்டது, திருஷ்டி கழிந்தது என்கிறார்கள். நடப்பது வேறு. கரைசலின் ஓரத்தில் தண்ணீர் ஆவியாகிப் படிகம் விளைகிறது. படிகங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகள் விளக்குத் திரியைப் போலக் கரைசலை மேலே ஏற்றுகின்றன, அது அங்கே காய்ந்து இன்னும் மேலே படிகம் விளைகிறது. உப்பு கண்ணாடியில் ஏறிப் போவதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள், திருஷ்டிக் கதையைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

மக்னீசியம் குளோரைடுக்கு 33, சாப்பாட்டு உப்புக்கு 75, பொட்டாசியம் குளோரைடுக்கு 84. ஒவ்வொரு உப்புக்கும் ஓர் எண். யாரோ பல காலம் பொறுமையாக உட்கார்ந்து அளந்த அட்டவணை இது. அளக்கும்போது ‘இதனால் என்ன லாபம்’ என்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது. இன்று ஈரப்பதமானிகளைச் சரிபார்ப்பதே இவற்றை வைத்துத்தான். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்த கதை நமக்குத் தெரியும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். வட்டிக் கணக்கில் ஊறிய ஊரில் ஒருவர் உடனடி வரவு பார்க்காமல் போட்ட முதல் அது. அளவிடும் அறிவியலுக்கு அப்படிக் கொடுக்கிறவர்கள், அரசானாலும் தனியாரானாலும், இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

சுருட்டுக்கு 75 கொஞ்சம் அதிகம். அதனால் 65, 69 என்று அச்சிட்ட சிறு பொட்டலங்கள் விற்கிறார்கள். பொருத்தமான உப்பின் கெட்டிக் கரைசலை, நீராவியை மட்டும் விடும் சவ்வுக்குள் அடைத்தவை அவை. அதிகமானால் வாங்கும், குறைந்தால் கொடுக்கும். பொட்டலம் கல்லாகிவிட்டால் தண்ணீர் தீர்ந்தது, மாற்றிவிடுங்கள்.

ஐயாவின் தேக்குப் பெட்டி வேண்டாம். மூடி இறுக்கமாக இராது, தேக்கின் எண்ணெய் வாடையும் இலையில் ஏறும். ஹியூமிடாருக்கு ஸ்பானிஷ் சீடர் என்ற மரத்தைப் போடுவார்கள். பெயரில்தான் சீடர், உண்மையில் அது வேப்பமரக் குடும்பம். உங்களுக்கு ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா போதும். புதிதாக வாங்கிக் கழுவி, வாடை போகும்வரை திறந்து வையுங்கள். கடைக்காரரிடம் காலிச் சுருட்டுப் பெட்டி கேட்டு வாங்கி, அதன் சீடர்ப் பலகையில் ஒரு துண்டை உள்ளே போடுங்கள். மிச்சப்படும் பணம் சுருட்டுக்கு ஆகும்.

ஈரத்தைவிட நம் ஊரில் சூடுதான் எதிரி. புகையிலையில் சிகரெட் வண்டின் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். சூடு 25 டிகிரியைத் தாண்டினால் பொரிக்க வசதியாகிவிடும், இலையெங்கும் ஊசித் துளை விழும். மஞ்சளையும் மல்லியையும் மிளகாய் வற்றலையும் துளைப்பது இதே வண்டுதான். ஆகவே டப்பாவை மசாலாச் சாமான் அறையில் வைக்காதீர்கள். வாங்கியதும் இறுகக் கட்டி உறைபெட்டியில் மூன்று நாள், பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அப்புறம் வெளியே. வெயில் படாத ரெண்டாங்கட்டு உள்ளறையில், தரையோடு சேர்த்து வையுங்கள்.

இனி தேர்வு. பெட்டியோடு வாங்காமல் உதிரியாக வாங்குங்கள். கியூபாச் சுருட்டு வேண்டாம், விலை பெயருக்குத்தான் ஏறும். டொமினிகன் நாட்டு மென்மையான ரகத்தில் இரண்டு, வெளிர் மேலிலையோடு. ஹோண்டுராஸ் ஒன்று. காரம் பிடித்தால் நிகரகுவா ஒன்று. அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் தலை சுற்றும். அளவு ரொபஸ்டோ, 5 அங்குல நீளம், 50 தடிமன். தடிமனை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காக எண்ணுவார்கள். 50 என்றால் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். வாசனை ஏற்றிய ரகத்தை இவற்றோடு சேர்க்காதீர்கள், ஒரே நாற்றமாகிவிடும். உறையூர்ச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் கடையில் வெளியே கிடந்தே விற்பவை, இந்த ராஜ உபசாரம் அவற்றுக்கு வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் ‘செரூட்’ நம் சுருட்டிலிருந்து போன சொல்.

சுருட்டு வருவதற்கு முன் ஒரு வேலை. மலிவான ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். பாட்டில் மூடியில் பொடி உப்பை நிரப்பி (கல் உப்பு வேண்டாம்), சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் போலக் குழையுங்கள். உப்பு மிதக்கக் கூடாது. இரண்டையும் ஜிப் பையில் போட்டு, உள்ளே காற்று இருக்கும்படி மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் உள்ளே 75 இருக்கும். கருவி 71 என்று காட்டினால் அது 4 குறைத்துச் சொல்கிறது. ஒரு துண்டு பிளாஸ்திரியில் ‘4 கூட்டு’ என்று எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள்.