கட்டுமரம் ஏன் மூழ்குவதில்லை?

சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஊரூர் குப்பம் இருக்கிறது. ஒருநாள் காலையில் அங்கே, கடலிலிருந்து திரும்பிய கட்டுமரத்தை இரண்டு பேர் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றை அவிழ்த்ததும் படகு காணாமல் போய்விட்டது. நாலு மரம்தான் கிடந்தது. ஒவ்வொன்றையும் முனைக்கு ஒருவராகத் தோளில் தூக்கி, வெயில் விழும் மணலில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

"அப்படியே விட்டுவெச்சா என்னண்ணா?" என்று கேட்டேன்.

"காயணும்ல தம்பி. ஊறுன மரம் ஆளைத் தூக்காது" என்றார் மூத்தவர்.

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டுமரத்துக்கு எடையில்லாத மரமாகத்தான் தேடுவார்கள். நன்றாகக் காய்ந்த நிலையில் அது கன மீட்டருக்கு 400 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிலோ. ஆகவே ஒரு கன மீட்டர் மரம் முழுக்க அமுங்குவதற்குள் 625 கிலோ சுமையைத் தாங்கும். தண்ணீர் குடித்துக் குடித்து 600 கிலோ ஆகிவிட்டால் தாங்குவது 425 கிலோதான். மரம் அதேதான், ஆனால் இரண்டு ஆளும் ஒரு வலையும் குறைந்துபோகும். பிரித்துக் காயவைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் மிதப்பது மட்டும் போதாது. சோழமண்டலக் கரையில் இயற்கையான துறைமுகம் அரிது. திறந்த மணற்கரை, அதில் ஓயாத அலை. கரையை நெருங்கும்போது அலையின் அடிப்பகுதி ஆழமில்லாத தரையால் வேகம் குறைகிறது. மேற்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. ஒரு மீட்டர் உயர அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் உடையும். பலகை அடித்த படகு அந்த இடத்தில் மாட்டினால் உள்ளே தண்ணீர் நிறையும். ஒரு கன மீட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன்னுக்கும் மேல்! அந்தத் தண்ணீர் படகு சாயும் பக்கமாகவே ஓடி, இன்னும் சாய்த்துக் கவிழ்த்துவிடும்.

கட்டுமரத்தில் தண்ணீர் நிறைய இடமே கிடையாது. அலை மேலேறும், ஆட்களை முழுக்க நனைக்கும், பிறகு மரங்களுக்கு நடுவே இருக்கும் சந்துகள் வழியாகச் சில நொடிகளில் கீழே வடிந்துவிடும். தண்ணீர் இறைக்க ஆள் வேண்டாம், பாத்திரமும் வேண்டாம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு ஓட்டையாகத் தெரியும் அந்தச் சந்துதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் படகின் உயிர்.

நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் ஓர மரங்கள் சற்று உயர்ந்தும் இருக்கும். அதனால் கால் மடக்கி உட்கார ஒரு குழிவு கிடைக்கிறது. படகின் முன்பக்கமான அணியத்தில் மேல்நோக்கி வளைந்த கூர்த்துண்டுகளைச் சேர்த்துக் கட்டுவார்கள். அலைக்குள் குத்திவிடாமல் ஏறிப்போவதற்காக. நாகப்பட்டினம் பக்கம் கோலா மீனுக்குப் போன பெரிய கட்டுமரங்களில் ஏழு மரம் வரைகூடக் கட்டினார்கள்.

1639-க்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மதராசில் கோட்டை கட்டியபோது துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழத்திலேயே நங்கூரம் போட்டு நின்றன. ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகு. அதில் ஆணி கிடையாது, உள்ளே சட்டம்போலப் பலகைகளைத் தாங்கும் விலாக்கட்டையும் கிடையாது. பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். மணல்திட்டில் மோதினால் உடையாமல் வளைந்துகொடுக்கும். அதற்குத் துணையாகப் பக்கத்திலேயே கட்டுமரங்கள் போகும், கவிழ்ந்து விழுந்தவர்களைத் தூக்க. நனையாத ஓலைத் தொப்பிக்குள் கடிதம் வைத்து, மசூலா போகமுடியாத நாளிலும் கட்டுமரக்காரர்கள் கப்பலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இந்தக் கரையில் 'கட்டுமரம்' என்ற பெயரைக் கேட்ட ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர், 1697-ல் வெளியான தன் பயண நூலில் அதை எழுதிவைத்தார். இன்று உலகம் கேட்டமரான் என்று அழைக்கும் இரட்டை உடல் படகின் வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது, பெயர் மட்டும் நம்முடையது. அந்தத் தீவுக்காரர்களின் திறமைக்கு உரிய மரியாதையை நாமும் கொடுக்கவேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. எஞ்சின் பூட்டினால் வேகம், தூரம், அதிக மீன். மீனவர்கள் அதற்கு மாறியதில் தவறே இல்லை. ஆனாலும் கரையில் மரம் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துவருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மறுநாள் விடியுமுன் மறுபடி போனேன். குறுக்குக் கட்டையோடு மரங்களைச் சேர்த்துச் சுற்றி, மூத்தவர் குதிகாலை மரத்தில் ஊன்றி, உடம்பையே பின்னுக்குச் சாய்த்துக் கயிற்றை இழுத்தார். சுற்றை ஒரு கட்டையால் தட்டிப் படியவைத்தார். மறுபடி இழுத்தார். இப்போது நைலான் கயிறு, முன்பு தென்னைநார். நாரில், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம் என்பதால் உப்புநீரில் சீக்கிரம் மக்காது, இழுத்தால் நீளவும் செய்யும். ஆணி அடித்த மூட்டில் அலையின் அடி முழுக்க ஒரே புள்ளியில் இறங்கும். கயிற்றுக் கட்டிலோ ஒவ்வொரு மரமும் துளி ஏறி இறங்கிக்கொள்ளும். அடி சுற்றுகளில் பரவி, உராய்வில் கரைந்துபோகும்.

கட்டி முடித்துத் தண்ணீரில் இறக்கிவிட்டு இருவரும் நின்றார்கள். தூரத்திலிருந்து வரும் அலைவரிசைகள் ஒன்றோடொன்று சேரும்போது சில அலைகள் பெரிதாக வரும். ஒன்றையொன்று குறைக்கும்போது கொஞ்ச நேரம் அடங்கும். மூத்தவர் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பெரிய அலை போனது. "சரி, தள்ளு" என்றார்.