காலரா மரபணு கைவைக்காத இடம்

மழைக்காலத்தில் மும்பையின் தாராவி, சயான் கோலிவாடா பக்கம் வீட்டில் யாருக்காவது பேதி கண்டால் முதலில் மெடிக்கலுக்குத்தான் ஆள் ஓடும். பேதியை நிறுத்தும் மாத்திரை வந்துவிடும். ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கடைசியில்தான் நினைவுக்கு வரும். இந்த வரிசை ஆபத்தானது.

காலராக் கிருமியான விப்ரியோ காலரே, ஆறு கடலில் கலக்கும் கழிமுக நீரில் இயல்பாகவே வாழும் பாக்டீரியா. அதில் பெரும்பாலானவற்றால் காலரா வராது; நச்சு சுரக்கும் மரபணுக்கள் உள்ளவைதான் ஆளைச் சாய்க்கும். அந்த மரபணுக்கள்கூடப் பாக்டீரியாவின் சொந்தச் சொத்தில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ்தான் அவற்றைச் சுமந்து வருகிறது என்று 1996இல் வால்டோர், மெக்கலானோஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த வைரஸ் பற்றி நுழையும் மெல்லிய இழைதான், குடலில் குடியேறவும் பாக்டீரியாவுக்கு உதவுகிறது.

நச்சைக் கண்டறிந்தவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே, 1959இல். அதன் ஐந்து ‘பி’ துண்டுகள் சிறுகுடல் செல்லைப் பிடித்துக்கொள்ள, ‘ஏ’ துண்டு உள்ளே போய்க் குளோரைடை வெளியே கொட்ட வைக்கிறது. சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகின்றன. கழுநீர் மாதிரி பேதி, முற்றினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை.

ஆனால் செல் சாவதில்லை. சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும் புரதத்தை இந்த நச்சு தொடுவதே இல்லை. அந்த வழியில் தண்ணீரையும் உள்ளே சேர்த்துத்தான் ஓ.ஆர்.எஸ். பிழைக்க வைக்கிறது. அதனால்தான் லிட்டருக்கு இரண்டும் 75 மில்லிமோல் என்று சமமாக வைத்திருக்கிறார்கள்.

அளவு தப்பினால் பலன் போச்சு. 20.5 கிராம் பாக்கெட் முழுதும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு. பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு ஏறிக் குழந்தைக்கு வலிப்பே வரலாம். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, உறையைப் படியுங்கள். அட்டைப் பெட்டிகளில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றல்ல. கூடுதல் சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும். கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200, பெரியவர்கள் குடிக்கிற மட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, கிள்ளிய தோல் மெதுவாகப் படிந்தாலோ உடனே சயான் மருத்துவமனைக்கோ சின்ச்போக்லி கஸ்தூர்பாவுக்கோ போங்கள். வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். முடிந்தால் அதன் முதல் வேளைக்கு முன்பே மல மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போன பிறகு கிருமி வளராமல் போகலாம், அப்புறம் நச்சு மரபணு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்தில் ஒன்றும் மிஞ்சாது.