இரிட்டபிள் பவல் சின்ட்ரோம்: தமிழில் என்ன சொல்லலாம்?

மருந்துச் சீட்டில் ஐ.பி.எஸ். என்று மூன்றே எழுத்தில் இருக்கும். விரித்தால் இரிட்டபிள் பவல் சின்ட்ரோம். தமிழில் இதை ‘எரிச்சல் குடல் நோய்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் நெஞ்செரிச்சல், அசிடிட்டி என்று எடுத்துக்கொண்டு அதற்கான மாத்திரையைத் தேடிப் போகிறார். அதுவும் தமிழில் வயிற்றெரிச்சல் என்றாலே பொறாமை, ஆற்றாமை என்றுதானே பொருள்!

இரிட்டபிள் என்பதன் வேரான லத்தீன் வினைக்குச் சீண்டுதல், தூண்டிவிடுதல் என்று பொருள். சின்ட்ரோம் கிரேக்கச் சொல், ‘சேர்ந்து ஓடுவது’. வயிற்றுவலி, உப்புசம், மலச்சிக்கல், பேதி எல்லாம் கூட்டாக வருவதால் அந்தப் பெயர்.

எண்டோஸ்கோபி செய்தால் புண்ணோ வீக்கமோ தெரியாது. உடனே “எல்லாம் உன் மனப்பிரமை” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். இது பெரிய அநியாயம். வலி உண்மையான வலி. உணவுக்குழாய் தொடங்கி ஆசனவாய் வரை குடல் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது. வேகஸ் நரம்பு வழியாக அது மூளையோடு ஓயாமல் பேசுகிறது; அந்த நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவைதான். மற்றவர்களுக்கு உறைக்கவே உறைக்காத கொஞ்சம் வாயு, ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்குச் சுருக்கென்று வலிக்கும். மனக்கவலை அந்த வலியைக் கூட்டும், வலி கவலையைக் கூட்டும். கவலையே இல்லாதிருந்த ஒருவருக்குக் கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகும் இது தொடங்குவதுண்டு. 2016-இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட ரோம் 4 வரையறை, இந்த வகை நோய்களைக் குடல்–மூளை ஊடாட்டக் கோளாறுகள் என்றே அழைக்கிறது. மனச்சோர்வு மாத்திரையைக் குறைந்த அளவில் டாக்டர் எழுதித் தந்தால் “எனக்கென்ன பைத்தியமா?” என்று பலர் நொந்துபோகிறார்கள். வலிச் சேதியை மட்டுப்படுத்தவும் அந்த மாத்திரை உதவும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பல் கூசுகிறது, கண் கூசுகிறது என்கிறோம். சாதாரணத் தூண்டலையே தாங்க முடியாத நிலை. கூச்சம் மனத்துக்கும் உண்டு. அதனால் ‘குடற்கூச்சம்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மருத்துவ நூலில் எழுதும்போது ‘குடற்கூச்ச நோய்த்தொகுப்பு’ எனலாம்.

ஒன்று மட்டும்: மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இவற்றில் எது இருந்தாலும் குடற்கூச்சம் என்று நாமே பெயர் சூட்டிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது; டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.